உறுதியாகக் கூற இயலாது

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். எதைப் பற்றி என்றேன். "உங்க அனுபவம்தான் மேடம், கொஞ்சம் ஊக்கம் கொடுக்கிற மாதிரி" என்றார். ஊக்கம் கொடுப்பதற்கென்றே ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு சால்வையும் மைக்கும் தயார் செய்தால் வந்துவிடுவார்கள். நான் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அச்சில் வந்த ஒரு தாளை மேசைமேல் வைத்து, இதை நம்பலாமா, நம்பினால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பிள்ளைகளைக் கேட்க வைப்பது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உங்களுக்கு உற்சாகம் வராது. வந்தால் சரியாகப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

நம் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளை இதற்குள் பார்த்திருப்பீர்கள். அப்பா போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போயிருப்பார், அம்மா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார். மூலச்சான்று என்று சொன்னால் கல்வெட்டு, செப்பேடு என்று எழுதி அடிக்கோடு போடுவார்கள். ஒரு கல்வெட்டையாவது தொட்டுப் பார்த்திருக்கிறாயா என்றால் சிரிப்பார்கள். சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்காருவதெல்லாம் அவர்களால் நடக்கிற காரியமல்ல. அதனால் கைக்கு எட்டும் அச்சுத் தாள்களை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கத்து ஆண்டு மலர், பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலி போஸ்டர். மற்ற துறையினர் என்னைப் பழைய பேப்பர்காரி என்று கிண்டல் செய்தது எனக்குத் தெரியும். பழைய பேப்பர்காரர் தாளை எடை போட்டு வாங்குவார், நான் படித்துப் பார்த்து வாங்கினேன், வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு முறை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றை ஒரு மாணவன் சுவரிலிருந்து பத்திரமாகப் பெயர்த்துக் கொண்டுவந்தான். லாரித் தொழிலில் இருந்த ஒருவருடைய போஸ்டர். இறந்தவர் படம் நடுவில் சின்னதாக இருந்தது. கீழே துயரத்தில் வாடுவோர் பெயர்கள் வரிசை வரிசையாகப் பதவியோடு இருந்தன, சிலருக்குப் படமும் இருந்தது. இத்தனை பேர் வாடுகிறார்கள் என்றால் இறந்தவர் ஊரில் மிகுந்த செல்வாக்கோடு வாழ்ந்திருக்கிறார் என்று அவன் முடிவு கட்டினான். பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "அவரு எங்க பக்கத்தூட்டுக்காரருங்க மேடம். கடைசியில தண்ணி மோந்து குடுக்கக்கூட ஆள் இல்லீங்க. செத்ததே நாத்தம் வந்துதானுங்க தெரிஞ்சுது." பிறகு எல்லாருமாகச் சேர்ந்து அந்தப் பெயர்களைப் பார்த்தோம். லாரிச் சங்கத் தேர்தல் வரவிருந்தது, வாடியவர்களில் பாதிப் பேர் வேட்பாளர்கள். போஸ்டர் இறந்தவரைப் பற்றிச் சொன்னதைவிட இருப்பவர்களைப் பற்றி நிறையச் சொன்னது. அன்றைக்கு அந்த வகுப்பு கற்றுக்கொண்டதை எந்தப் பாடப்புத்தகத்தாலும் கற்றுக்கொடுத்திருக்க முடியாது என்று எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அந்தக் கர்வத்தோடு இருந்த காலத்தில்தான் மேகலா முதுகலைக்கு வந்தாள்.

பரமத்தி வேலூர் போகிற வழியில் ஆற்றோரமாக ஒரு கிராமம் அவளுடையது. ஊருக்குள் தோட்டம் வைத்திருக்கும் குடும்பங்கள், ஊருக்குக் கிழக்கே காலனி. அவள் காலனிப் பெண். அப்பா ஊர்க்காரர் ஒருவரின் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். அதிகம் பேச மாட்டாள், பேசினால் தேவையானதை மட்டும் பேசுவாள். ப்ராஜெக்டுக்குத் தன் ஊர் மாரியம்மன் திருவிழா நோட்டீசுகளை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஏன் என்றேன். "எங்க சனம் முன்னெல்லாம் கோயிலுக்கு முன்னாடியே பொங்கல் வெச்சாங்களாமுங்க. இப்ப எங்க தெரு முக்குல ஒரு கல்லு நட்டு அங்கதான் வெக்கிறோம். எப்ப இருந்து மாறிச்சுன்னு பாக்கோணுங்க" என்றாள். இதைவிட நல்ல ஆராய்ச்சிக் கேள்வியை நான் எந்த மாணவரிடமிருந்தும் கேட்டதில்லை.

நோட்டீஸ் கிடைக்க வேண்டுமே. பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு பழைய அச்சகத்தில் அச்சடித்த எல்லாவற்றிலும் ஒரு பிரதியைக் கெட்டி அட்டையில் ஒட்டி வைக்கிற பழக்கம் இருந்தது. அடுத்த வருடம் அதே ஆட்கள் வந்து "போன வருசம் மாதிரியே அடிச்சுக் குடுங்க" என்பார்கள், அப்போது மாதிரி வேண்டும் என்பதற்காக. மேகலா வாரக் கணக்கில் அங்கே போய் உட்கார்ந்தாள். பூச்சாட்டு, கம்பம் நடுதல், மாவிளக்கு, பொங்கல், கம்பம் பிடுங்குதல், மஞ்சள் நீர் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. பழைய நோட்டீசுகளில், ஊர்ப் பொங்கலுக்கு அடுத்து, "புதன் காலை: காலனி பொதுமக்கள் பொங்கல், கோயில் முன்பு" என்று இருந்தது. பிறகு ஒரு வருடம் அந்த வரி இல்லை. அதற்கப்புறம் வரவே இல்லை. அவள் என் அறைக்கு வந்து, இரண்டு வருடத்து நோட்டீசையும் செல்போனில் பெரிதாக்கி அடுத்தடுத்துக் காட்டினாள். எனக்கும் பெருமையாக இருந்தது, பொய் சொல்ல விரும்பவில்லை.

ப்ராஜெக்டில் அவள் எழுதிய வரி இது: "இதனால் காலனி மக்கள் கோயில் முன்பு பொங்கல் வைத்து வந்தது நிரூபணமாகிறது." நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

"ஏனுங்க மேடம்?"

"நோட்டீசைத் திருவிழாவுக்கு முன்னாடி அடிப்பாங்களா, பின்னாடி அடிப்பாங்களா?"

"முன்னாடி."

"அப்ப அது நடக்கப் போறதைச் சொல்லுது. நடந்ததைச் சொல்லலை. அன்னிக்கு மழை பெய்திருக்கலாம், சண்டை வந்திருக்கலாம், பேருக்கு அச்சடிச்சுட்டு வர வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். நோட்டீசை மட்டும் வெச்சுக்கிட்டு நடந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவே?"

"எங்க பெரியம்மா வெச்சிருக்காங்க மேடம். பானை தூக்கிட்டுப் போனதை இன்னைக்கும் சொல்லுவாங்க."

"அதை வாங்கி எழுது. தனி அத்தியாயமா எழுது. ஆனா நோட்டீசுக்கு எவ்வளவு வாய் இருக்கோ அவ்வளவுதான் அது பேசணும்."

அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் எழுதினாள். "இந்த அழைப்பிதழ்களை மட்டும் கொண்டு, காலனி மக்களின் பொங்கல் உண்மையில் கோயில் முன்பு நடைபெற்றது என்று உறுதியாகக் கூற இயலாது." அடுத்த பக்கத்தில் பெரியம்மாவும் இன்னும் சில பெண்களும் சொன்னவை வந்தன. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் அந்த வாக்கியத்தைத்தான் எடுத்துப் பாராட்டினார். தன் சொந்த ஊரைப் பற்றி எழுதும்போதும் இவ்வளவு நிதானமா என்றார். மேகலா முதல் வகுப்பில் தேறி பி.எட். சேர்ந்தாள். கட்டிய பிரதி நம் துறை அலமாரிக்குப் போயிற்று.

இனி நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். நான் ஒருவரையும் குற்றம் சாட்ட எழுதவில்லை, என்னையும் சேர்த்துத்தான். ஆனால் இப்படியெல்லாம் நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, உங்களுக்காவது ஒருத்தி சொல்லி வைக்க வேண்டும்.

அடுத்த திருவிழா நெருங்கியபோது காலனிக்காரர்கள் தாசில்தாரிடம் மனுக் கொடுத்தார்கள். பழையபடி புதன் காலையில் கோயில் முன்பு பொங்கல் வைக்க அனுமதியும் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்டார்கள். மனுவோடு மேகலா கண்டுபிடித்த நோட்டீசுகளின் நகல்களை இணைத்திருந்தார்கள். அத்தனை வருடம் வாய்ப்பேச்சாக இருந்த ஒன்றுக்கு அச்சில் ஆதாரம் கிடைத்திருக்கிறது, எங்கள் பிள்ளை கண்டுபிடித்தது என்று காலனியில் எல்லாருக்கும் பெருமை. மேகலாவின் அப்பா அந்த நோட்டீஸ் ஒன்றை லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாராம். கொடிக்காலில் வேலைக்குப் போகும்போதும் அது பையில் இருந்தது.

அமைதிப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் தாலுகா அலுவலகத்திலிருந்து எனக்குப் போன். ப்ராஜெக்டின் வழிகாட்டி என்ற முறையில் நான் வந்து ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டுமாம். என்ன விஷயம் என்று போனில் பேசியவர் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே என் போனுக்கு ஒரு படம் வந்தது. மேகலாவின் ப்ராஜெக்டில் ஒரே ஒரு பக்கம். "உறுதியாகக் கூற இயலாது" என்ற வரிக்கு மஞ்சள் பூசி இருந்தது. ஊர் வாட்ஸப் குழுக்களில் எல்லாம் சுற்றிவிட்டு எனக்கு வந்து சேர்ந்திருந்தது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று விசாரிக்கவில்லை. துறை அலமாரி என்பதே யாரும் எடுத்துப் படிப்பதற்குத்தானே.

முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர், பயந்த சுபாவம். "போகாதீங்க மேடம். உடம்பு சரியில்லைன்னு சொல்லிருங்க. கல்லூரிக்கு எதுக்கு வம்பு? நாளைக்கு இவங்க புள்ளைங்களும் அவங்க புள்ளைங்களும் இங்கதான் வந்து ஒரே பெஞ்சுல உக்காரணும்." போகாமல் இருந்தால் அந்த ஒற்றைப் பக்கம் எனக்குப் பதிலாகப் பேசும் என்று தோன்றியது. முழுப் பிரதியையும் அலமாரியிலிருந்து எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதுவரை நான் எடுத்த முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

தாலுகா அலுவலகத்தில் நீள மேசை. ஒரு பக்கம் கோயில் கமிட்டிக்காரர்கள், எதிரே காலனிக்காரர்கள், தலைப்பக்கம் தாசில்தார், பக்கத்தில் இன்ஸ்பெக்டர். மேகலா தன் அப்பாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கமிட்டித் தலைவர் சத்தம் போடுகிறவர் அல்ல. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. கும்பிட்டுவிட்டுத் தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்க. யாரையும் வரக்கூடாதுன்னும் சொல்லலீங்க. இல்லாத வழக்கத்த இருந்துச்சுன்னு சொன்னா எப்படீங்க ஒத்துக்கறது? நாங்க சொன்னா ஊர்க்காரன் பேசறான்னுவாங்க. அவிய ஊட்டுப் புள்ளையே படிச்சு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்குதுங்க. அதையே படிச்சுப் பாத்துக்குங்க."

தாசில்தார் அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். காலனிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மேகலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் யாரும் ப்ராஜெக்டைப் படித்தவர்கள் இல்லை. நோட்டீசை மட்டும்தான் பார்த்திருந்தார்கள்.

"மேடம், இது உங்க மேற்பார்வையில எழுதினதுதானே? இந்த வாக்கியம் சரியா?"

ஒரு நிமிடம் அந்த அறையில் உட்கார்ந்து பாருங்கள். "அது மாணவி செய்த பிழை, நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்" என்று நான் சொல்லியிருக்கலாம். எதிரில் இருந்த கண்கள் அத்தனையும் அதைத்தான் கேட்டன. வாய் வரை வந்தது என்பதையும் ஒளிக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு வரி பிழை என்றால், அடுத்த கேள்வி, மற்ற வரிகள் மட்டும் எப்படிச் சரி என்பதாக இருக்கும். அந்த நோட்டீசுகளே அந்த ப்ராஜெக்டிலிருந்து வந்தவைதானே. தவிர, அது பிழை இல்லை. அவள் எழுதியதை அடித்து அடித்து நான் எழுத வைத்த வாக்கியம் அது.

"வாக்கியம் சரி" என்றேன். "ஆனா அது என்ன சொல்லுதுன்னு முழுசாக் கேளுங்க. நடக்கலைன்னு அது சொல்லலை. நோட்டீசை மட்டும் வெச்சு உறுதியாச் சொல்ல முடியாதுன்னு சொல்லுது. அடுத்த பக்கத்துல பொங்கல் வெச்சவங்களே பேசியிருக்காங்க. அந்தப் பக்கத்தை ஏன் யாரும் நகல் எடுக்கலை?" பையிலிருந்து பிரதியை எடுத்து வைத்தேன்.

தாசில்தார் புரட்டிப் பார்த்தார். "இவங்கெல்லாம் யாரு?"

"காலனிப் பெண்கள்."

"மனுதாரரோட சொந்தக்காரங்க. அவங்க அப்படித்தானே சொல்லுவாங்க மேடம்?"

"சரி, அப்படியே வெச்சுக்கங்க. பிந்தின நோட்டீசுல அந்த வரி இல்லைன்னு கமிட்டிக்காரங்க சொல்லுவாங்களே, அதை அச்சடிச்சது யாரு? கமிட்டி. அவங்களும் அப்படித்தானே அச்சடிப்பாங்க? வரி இருக்கிறதுனால நடந்துச்சுன்னு சொல்ல முடியாதுன்னா, வரி இல்லாததுனால நடக்கலைன்னும் சொல்ல முடியாது. ரெண்டுக்கும் ஒரே அளவுகோல்தான்."

இதை நான் நன்றாகவே சொன்னேன். வகுப்பறையாக இருந்திருந்தால் பிள்ளைகள் குறிப்பெடுத்திருப்பார்கள். தாசில்தார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆராய்ச்சி வேற, நிர்வாகம் வேற மேடம். எனக்கு ஒரே பதில் வேணும். முன்வழக்கம் இருந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியுமா, முடியாதா?"

"நோட்டீசை வெச்சு மட்டும் முடியாது."

"முடியாது" என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். "வெச்சு மட்டும்" என்பதை அவர் எழுதவில்லை.

பிறகு மேகலாவைக் கூப்பிட்டு, இது நீ எழுதியதுதானா என்று கேட்டார். அவள் இல்லை என்று சொன்னாலும் அந்த இடத்தில் ஒன்றும் மாறியிருக்காது. அவள் முன்னால் வந்து, "நாந்தாங்க எழுதுனேன்" என்றாள். அவள் அப்பா அவள் பக்கமாகத் திரும்பி, கோபமே இல்லாமல், "ஏஞ் சாமி, அப்பிடியா எழுதுன?" என்று கேட்டார். எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன். அந்தக் குரலை நான் எங்கேயும் கேட்டதில்லை.

முன்வழக்கம் நிரூபிக்கப்படாததால் இப்போதுள்ள நிலையே தொடரும் என்று முடிவாயிற்று. கோயிலுக்கு முன்பு பொங்கல் வைக்கச் சட்டப்படி முன்வழக்கமே தேவையில்லை, அது உரிமை, அந்தக் கேள்வியையே ஏற்றிருக்கக் கூடாது என்று பிறகு ஒரு வக்கீல் என்னிடம் சொன்னார். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை. சான்று எது, எவ்வளவு செல்லும் என்று வாதாடுவதில் நான் அவ்வளவு மும்முரமாக இருந்தேன். சான்று காட்ட வேண்டியவர்கள் ஏன் எப்போதும் இவர்களாகவே இருக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் என்று இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். எனக்கு அது வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் உறைத்தது.

காலனிக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். எல்லாரும் ஏறினார்கள். மேகலா பக்கத்தில் நின்றாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஏறு என்றும் சொல்லவில்லை. அவள் அப்பா படியில் ஒரு காலை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவரும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். வேன் போனது. அவள் என்னோடு டவுன் பஸ்ஸில் வந்தாள். வழி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தவள், இறங்கும்போது மட்டும் "வாரேனுங்க மேடம்" என்றாள். நான் அவளிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

அந்த வருடமும் பொங்கல் தெரு முக்கில் கல்லுக்கு முன்னால்தான் வைத்தார்கள். ஊர்ப் பக்கம் போலீஸ் நின்றது. மேகலா வீட்டுப் பானையை மட்டும் மற்றவர்கள் அடுப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். சாதியின் பேரால் தள்ளி வைக்கப்பட்ட சனம், தன் பிள்ளை ஒருத்தியைத் தனக்குள்ளேயே தள்ளி வைத்தது. பி.எட்.டைப் பாதியில் விட்டுவிட்டு நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அவள் அப்பா அதே கொடிக்காலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். அங்கே அவரை யாரும் நிறுத்தவில்லை. நன்றாகவே நடத்தினார்களாம். அதை அவர் எப்படித் தாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த வருடத்து நோட்டீஸ் வந்தது. அதே அச்சகம், அதே மஞ்சள் தாள், அதே வரிசை. கடைசியில் மட்டும் தடித்த எழுத்தில் புதிதாக ஒன்று: "மேற்கண்ட நிகழ்ச்சிகள் மட்டுமே தொன்றுதொட்டு நடைபெற்று வருபவை." இவ்வளவு காலமாக நடக்கப் போவதை மட்டும் சொல்லிவந்த நோட்டீஸ், முதல் தடவையாக நடந்ததைப் பற்றிப் பேசியது. மேகலாவின் ப்ராஜெக்டைக் கவனமாகப் படித்தவர்கள்தான் அதை எழுதியிருக்க முடியும். நோட்டீசின் பலவீனம் எங்கே என்று அவள் காட்டியிருந்தாள், அவர்கள் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். நாம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அச்சடிக்கிறவர்களும் நம் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் பல வருடம் கழித்து, இந்த ஊர்களில் யாரோ ஒரு மாணவர் அந்தத் தாளைத் தற்கால மூலச்சான்று என்று எடுத்து மேசையில் வைப்பார். அன்றைக்கு அந்த மேசைக்கு எதிரில் உங்களில் ஒருவர் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதற்குப் பிறகு என் பிள்ளைகள் யாரையும் "உறுதியாகக் கூற இயலாது" என்று எழுதிவிட்டு முற்றுப்புள்ளி வைக்க நான் விட்டதில்லை. "நடைபெறவில்லை என்றும் கூற இயலாது" என்பதை அதே வாக்கியத்தில் சேர்க்கச் சொல்வேன். எந்தச் சான்று அதை ஈடுகட்டுகிறது என்பதையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்வேன். யாராவது ஒரு பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்டு போனால் அந்தப் பக்கம் தனியாக நின்று பொய் சொல்லக் கூடாது. இதெல்லாம் ஆராய்ச்சி நெறிமுறைப் புத்தகங்களில் இருக்காது. நீங்களும் செய்யுங்கள். இது போதுமா என்று கேட்டால், போதாது.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மேகலா என்னைப் பார்க்க வந்தாள். ஆலைச் சீருடையில் இருந்தாள், தீவன வாடை அடித்தது. மாற்றுச் சான்றிதழ் ஏதோ வாங்க வந்ததாகச் சொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கோணுங்க மேடம். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"எங்கூடப் படிச்சானே, அந்த நாமகிரிப்பேட்டைப் பையன். அவங்க குலதெய்வம் கோயில் கும்பாபிஷேக மலரை வெச்சு ப்ராஜெக்ட் பண்ணுனானுங்க. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அவங்க பாட்டன்தான் கட்டுனாருன்னு. அவனையும் அப்பிடி எழுத வெச்சீங்களா? இல்ல, எனக்கு மட்டுந்தானுங்களா?"

நான் எழுந்து அலமாரிக்குப் போனேன். அந்தப் பையனின் பிரதி மேல்தட்டில் கிடந்தது. எடுத்து, பக்கத்தைக் கண்டுபிடித்து அவள் கையில் கொடுத்தேன். "இம்மலரை மட்டும் கொண்டு, கோயிலைக் கட்டியவர் இவர்தான் என்று உறுதியாகக் கூற இயலாது." என் சிவப்புப் பேனாவால் அடித்து அடித்து வாங்கிய அதே வாக்கியம்.

மேகலா அதை நிதானமாகப் படித்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது. நான் ஓரவஞ்சனை செய்யவில்லை என்பதில் அவளுக்கு ஒரு ஆறுதல் என்று நினைத்தேன். எனக்கும் ஆறுதலாக இருந்தது. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மடிப்பு இல்லை, மஞ்சள் இல்லை, புதுசாகவே இருந்தது. பிரதியை மூடி என்னிடம் கொடுத்தாள்.

"அவங்க கோயில்ல அந்தப் பாட்டன் பேரு கல்லுல வெட்டி வெச்சிருக்காங்களே மேடம், இன்னும் இருக்குதுங்களா?"

"இருக்கு."

"இந்தப் பக்கத்தை யாராச்சும் ஜெராக்ஸ் எடுத்தாங்களா?"

"இல்லை" என்றேன்.